பானெட்டுக்குக் கட்டில் கொடுத்த மகனுக்கு

தினேஷ்,

இதைச் செவ்வாய்க்கிழமையே உன் அறையில் உட்கார்ந்து நிம்மதியாக எழுதிவிடலாம் என்றுதான் தாளும் பேனாவுமாகப் போனேன். உட்கார இடமில்லை. கட்டிலில் உன் காரின் பானெட் படுத்திருந்தது, அதற்கு அடியில் என்னுடைய நல்ல ஜமுக்காளம். மேஜை மேல் டிக்கி மூடி. நாற்காலியில் நீ அள்ளிப் போட்டு வைத்திருக்கும் உப்புத்தாள் கட்டுகள். சரி, சாப்பாட்டு மேஜைக்கு வரலாம் என்று வந்தால் ஃபிரிட்ஜ் பக்கத்தில் வலது கதவு சாய்ந்து நின்றது. பால் எடுக்க வேண்டுமென்றால் கூட முதலில் அதனிடம் அனுமதி கேட்க வேண்டும். ஜொகூரில் வேலை பார்த்து வாரக்கடைசியில் வருகிற நீ ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறாய். காரின் பானெட் மெத்தையில் படுக்கிறது. இந்த வீட்டில் யாருக்கு என்ன மரியாதை என்று வெளி ஆள் யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன், நீயே சொல்.

கடிதமா என்று நீ சிரிக்கலாம். போன் செய்தால் “பெயிண்ட் கடையில நிக்கறேம்மா, அப்புறம் கூப்பிடறேன்” என்கிறாய். குரல் பதிவு அனுப்பினால் இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாய். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்தே கேட்டாய். என் குரல் எனக்கே கோழி கத்துவது மாதிரி இருந்தது. எழுதியதை அப்படி ஓட்ட முடியாது. ஒவ்வொரு பக்கத்தையும் அப்பா படம் எடுத்து உனக்கு அனுப்புவார். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். யமுனா படிக்கட்டும், அவள் அம்மாவும் படிக்கட்டும். இந்த மாதிரி மகனை வைத்துக்கொண்டிருக்கிற வேறு எந்த அம்மாவாவது இருந்தால் அவளும் படித்துக்கொள்ளட்டும்.

நீ வராத போன சனிக்கிழமை யமுனா வீட்டுக்கு வந்தாள். யமுனா யார் என்று உனக்கு நினைவுபடுத்த வேண்டிய நிலைமையில் இருக்கிறோம் என்பதால் சொல்கிறேன்: அவள் உன் மனைவி. போன வருஷமே ரெஜிஸ்டர் செய்தாகிவிட்டது. மோதிரம் மாற்றினீர்கள், கையெழுத்துப் போட்டீர்கள், எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடையில் பிரியாணி சாப்பிட்டோம். அரசாங்கக் கணக்கில் நீங்கள் புருஷன் பெண்டாட்டி. ஆனால் நம் ஆட்களுக்கு அது போதாது, கோயிலில் தாலி ஏறினால்தான் கல்யாணம். அதுவரைக்கும் பெண் அம்மா வீட்டில், பையன் அம்மா வீட்டில். மற்றவர்கள் ஹால் கிடைக்கவில்லை, நல்ல நாள் அமையவில்லை என்று சில மாதம் தள்ளிப்போடுவார்கள். நீ ஒருத்தன்தான் பெயிண்ட் காயவில்லை என்று தள்ளிப்போட்டவன். அந்தச் சிவப்புக் காரில்தான் கோயில் வாசலில் வந்து இறங்குவேன் என்று நீ சொன்னபோது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அது தைப்பூசத்துக்கு முடியும் என்றாய். பிறகு சித்திரைக்கு என்றாய். பிறகு ஆவணி. இப்போது நான் மாதம் கேட்பதையே விட்டுவிட்டேன்.

மாம்பழப் பையை மேஜையில் வைத்துவிட்டு அவள் உட்காரக்கூட இல்லை. “அத்தே, எனக்கு கடல் தாண்டி சபாவுக்கு டீச்சர் போஸ்டிங் வந்துடுச்சு. ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னாடி போய் ரிப்போர்ட் பண்ணணும்” என்றாள். “அப்பீல் போடும்மா. புருஷன் இந்தப் பக்கம் வேலை செய்யறான்னு போட்டா பாப்பாங்க” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் கோபம் இருந்திருந்தால் கூட நான் தாங்கியிருப்பேன். “போடல அத்தே. புருஷன்கூட இருக்கணும்னு எழுதணும். நான் இன்னும் எங்கம்மா வீட்லதானே இருக்கேன். என்னன்னு எழுதறது?” என்றாள். உன்னிடம் சொல்லிவிட்டாளா என்று கேட்டேன். போனை எடுத்து நீ அனுப்பிய குரல் பதிவைப் போட்டுக் காட்டினாள்.

“சபாவா? ஓகேலா. ஒரு வகையில நல்லதாதான் போச்சு. எனக்கும் டைம் கிடைக்கும். அதுக்குள்ள கார் மூட்டுக்கு சீலிங் எல்லாம் முடிச்சு கலர் அடிச்சிருவேன்.”

அதைக் கேட்டபோது எனக்கு உன்மேல் வந்த ஆத்திரத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஒரு பெண் கடல் தாண்டிப் போகப் போகிறேன் என்கிறாள். நீ கதவு மூட்டில் கோந்து அடைக்க நேரம் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறாய். நான் பெற்ற பிள்ளையா இது என்று இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து போய், தேவையே இல்லாமல் மாம்பழத்தை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டு நின்றேன்.

இந்தக் காரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீ சொல்வாய். ஜொகூரில் ஒருவர் வீட்டுப் பின்னால் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே பேர் உட்காரலாம், உன்னைவிட வயதில் மூத்தது. அதை நீ லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து நம் போர்ச்சில் இறக்கிய அன்றே எனக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் எனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. விருப்பமில்லாமலே எல்லாம் தெரிந்துகொண்டுவிட்டேன். பழைய பெயிண்டை இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். துரு பிடித்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைக்க வேண்டும். பிறகு அடிப்பூச்சாகப் பிரைமர், பிறகு புட்டி, பிறகு தேய்ப்பு, தகடும் தகடும் சேரும் மூட்டில் தண்ணீர் போகாமல் சீலர், மறுபடியும் பிரைமர், அதன்மேல் கலர், அதன்மேல் பளபளவென்று கிளியர். எங்கள் ஆபீசில் யாராவது காரை உரசிக்கொண்டு வந்தால் இப்போது என்னிடம்தான் யோசனை கேட்கிறார்கள்.

முதல் தடவை நீ கலர் அடித்த நாளை மறந்திருக்க மாட்டாய். போர்ச்சில் தார்ப்பாய் கட்டி, வானம் இருட்டிக்கொண்டு வரும்போது அடித்தாய். கிள்ளானில் மழைக்கு முன்னால் காற்று எப்படிக் கனத்துப் போகும் என்று இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியாதா? கிளியர் காய்வதற்குள் ஈரம் அதில் ஏறி, சிவப்பின் மேல் பால் ஊற்றியது மாதிரி வெள்ளை படர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் சுரண்டினாய். சரி, அனுபவம் என்று நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது தடவைதான் என்னால் மறக்க முடியாதது. ஈரம் கூடாது என்று எல்லாப் பாகத்தையும் என் பின்கட்டுச் சமையலறையில் கம்பி கட்டித் தொங்கவிட்டாய். பெயிண்ட் அடித்தால் அங்கங்கே விலகி, மீன் கண் மாதிரி குழி குழியாக விழுந்தது. எண்ணெய்ப் பசை இருந்தால்தான் இப்படி ஆகும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தாய். உடனே தீர்ப்பு என் தலையில். என் தாளிப்புதான் காரணமாம். கடுகு வெடித்து எண்ணெய் ஆவி போய் உன் கதவில் ஒட்டிக்கொண்டதாம். அந்தத் தீபாவளிக்கு நான் என் வீட்டில் முறுக்கு சுடவில்லை, ஞாபகம் இருக்கிறதா? மாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு சீன ஆன்டியின் பின்கட்டுக்குப் போனேன். “உங்க வீட்டு கேஸ் முடிஞ்சிடுச்சா?” என்று அந்த அம்மா மலாயில் கேட்டார். என் மகனின் காருக்கு என் சமையல் ஆகவில்லை என்று எந்த மொழியில் சொல்வது? ஆமாம், முடிஞ்சிடுச்சு என்றேன். அப்புறம் அப்பா ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு செலாயாங்கில் ஒரு ஸ்ப்ரே கடைக்குப் போய் விசாரித்தால், அவர்கள் கேட்ட முதல் கேள்வியே வீட்டில் டேஷ்போர்டுக்கு அடிக்கும் பாலிஷ் ஸ்ப்ரே இருக்கிறதா என்பதுதான். இருந்தது. நீ தினமும் ஓட்டுகிற இன்னொரு காருக்கு ஞாயிறு தவறாமல் பின்கட்டு வாசலிலேயே நின்று நீ அடிக்கிற அதே ஸ்ப்ரே. அது காற்றில் பறந்து போய் உட்கார்ந்திருக்கிறது. என் கடுகு பாவம். நீ என்னிடம் ஸாரி சொன்னாய், இல்லை என்று சொல்லவில்லை. ஸ்ப்ரே டப்பாவை இன்னொரு பக்கம் வைத்துவிட்டுச் சொன்னாய்.

மூன்றாவது தடவை வந்தது நல்ல சிவப்பு. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அழகான சிவப்பு. வெயிலில் வைத்துப் பார்த்தாய், கொஞ்சம் ஆரஞ்சு அடிக்கிறது, கம்பெனியிலிருந்து வந்த சிவப்பு இது இல்லை என்றாய். நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, கதவின் அடி மடிப்பில் சீலர் சரியாக இறங்கவில்லை என்று ஒரு காரணத்தையும் கண்டுபிடித்து, மறுபடியும் சுரண்ட ஆரம்பித்தாய். மடிப்புக்குள் ஈரம் தங்கினால் உள்ளிருந்தே துரு ஏறும் என்றாய். இருக்கலாம். உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சுரண்டலில் நீ என்ன செய்தாய் என்பது உனக்குத் தெரியவில்லை, அதை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இடது கதவு. அதைத் தேய்த்தது யமுனா. பள்ளி விடுமுறையில் பிரிக்ஃபீல்ட்ஸ் அம்மா வீட்டிலிருந்து ரயில் ஏறி வந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் வாளியும் உப்புத்தாளுமாக உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. “இந்தக் கதவு என் கதவு, இதுல ஏறித்தான் நான் கோயிலுக்கு வருவேன்” என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் வீட்டுக்குப் போனதும் நீ டார்ச் அடித்துப் பார்த்தாய். அலை அலையாக இருக்கிறது, கை அழுத்தம் சமமாக இல்லை என்று அதே ராத்திரி மெஷின் வைத்து இரும்பு தெரியும்வரை எடுத்துவிட்டாய். அவளிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவள் வந்து கதவைத் தடவிப் பார்த்தாள். அவ்வளவு நாள் தடவின கைக்குத் தெரியாதா? உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் வந்து, “அத்தே, அந்தக் கதவ அவர் மறுபடியும் தேச்சாரா?” என்று மட்டும் கேட்டாள். நான் டீ போடவா என்றேன். அன்றைக்குப் பிறகு அவள் உப்புத்தாளைத் தொடவில்லை. நீ அதைக் கவனித்தாயா என்றுகூட எனக்குத் தெரியாது.

இது உனக்கு இன்று நேற்று வந்த குணம் இல்லை. நீ இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது தீபாவளிக்கு வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னோம். மேலே ஒரு பூச்சு பூசிவிட்டு விளையாடப் போகிற வயசு. நீயோ துரு இருக்கும்போது அதன்மேல் அடிக்கக் கூடாது என்று கம்பி கம்பியாகத் தேய்த்தாய். தீபாவளி அன்று காலையில் கேட்டில் ஒரு சொட்டுப் பெயிண்ட் கிடையாது. வந்தவர்களின் புதுத்துணியிலெல்லாம் துரு. நான் திட்டவில்லை. என் மகன் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். துணி பாழான உன் மாமாவே அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார். இப்போது யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

அரைகுறை என்றால் என்ன என்று நான் என் வேலையில் பார்த்ததைச் சொல்கிறேன். பண்டமாரான் சரக்கு ஃபார்வர்டிங் ஆபீசில் இத்தனை வருஷமாகக் கண்டெய்னர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஒன்றுகூட முழுசாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு மூலை நசுங்கியிருக்கும், ஒரு பக்கம் பெயிண்ட் உரிந்து வேறு கலர் தெரியும், பழைய கம்பெனிப் பெயருக்கு மேல் புதுப் பெயர் அடித்திருப்பார்கள். எல்லாம் கடல் தாண்டிப் போகிறது, சாமானை இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறது. நேரத்துக்குத் துறைமுகத்துக்குள் வராத பெட்டி மட்டும்தான் யார்டிலேயே கிடக்கும். அது எவ்வளவு புதுசாக இருந்தாலும் கப்பல் அதைப் பார்த்துக்கொண்டு நிற்காது. பெட்டியை வைத்து வாழ்க்கையைச் சொல்கிறாளே என்று நினைக்காதே. எனக்குத் தெரிந்தது அதுதான்.

என் கல்யாணத்தையே எடுத்துக்கொள். அன்றைக்குக் கிள்ளான் முழுக்க வெள்ளம். மேளக்காரர்கள் பாதி வழியில் மாட்டிக்கொண்டார்கள், டேப் போட்டுத்தான் தாலி ஏறியது. அந்த டேப்பும் நடுவில் சிக்கிக்கொண்டது. என் சேலை முழங்கால் வரை சேறு. ஐயர் அவசரத்தில் உன் அப்பாவின் பெயரைத் தப்பாகச் சொன்னார், அதை யாரும் திருத்தவில்லை. அன்று முழுக்க நான் அழுதுகொண்டிருந்தேன், இதுதான் கல்யாணமா என்று. அடுத்த வாரம் வாடகை வீட்டில் அடுப்பு பற்ற வைக்கும்போது அதெல்லாம் ஞாபகத்திலேயே இல்லை. கல்யாண நாள் எப்படி இருந்தது என்று பிறகு யாரும் வந்து சோதிப்பதில்லை, தினேஷ்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை மாதமாக உனக்காக நான் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சம்பந்தியம்மா நாகரிகமானவர்கள், ஒரு தடவைகூடக் கோபமாகக் கேட்டதில்லை. “எப்ப வெச்சுக்கலாங்க?” என்பார்கள், அவ்வளவுதான். உன் ஜாதகத்தில் நேரம் சரியில்லை என்றேன். அப்புறம் குரு மாறட்டும் என்றேன். ஹால் இல்லை என்றேன். அவர்கள் ஹாலுக்கே போன் செய்து இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதையும் என்னிடம் காட்டிக்கொள்ளாமல் இருந்தார்கள் என்று இப்போதுதான் எனக்குத் தெரியும். நவக்கிரகங்களையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்து உன் பெயிண்டுக்குக் காவல் வைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

நீ பயப்படுகிறாய் என்கிறார் அப்பா. கார் முடிந்தால் கல்யாணம், கல்யாணம் முடிந்தால் வீடு, குழந்தை, கடன், அதனால்தான் கார் முடியவே மாட்டேன் என்கிறது என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ யமுனாவை விரும்புகிறாய், எனக்குத் தெரியும். அவளுக்கு ஒரு குறையும் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று நினைக்கிறாய். குறையோடு உன்னைப் பார்த்தால் அவள் போய்விடுவாள் என்று உனக்குள் ஏதோ இருக்கிறது. அதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று யோசித்தால் எனக்கு அந்தக் கேட்டும் தீபாவளியும்தான் நினைவுக்கு வருகிறது. சொல்லிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன். நீ கோபப்படுவாய். படு.

புதன்கிழமை காலையில் நான் லீவு போட்டேன். அப்பாவிடம், “கார்ல எல்லாத்தையும் மாட்டுங்க, பிரிக்ஃபீல்ட்ஸ் போறோம்” என்றேன். அவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். “அவன் கொன்னுடுவான்” என்றார். “என்னைக் கொல்லட்டும், நீங்க மாட்டுங்க” என்றேன். ஷா ஆலம் தொழிற்சாலையில் அத்தனை வருஷம் மெஷின் மாட்டிக் கழற்றியவருக்கு உன் கதவு ஒரு பெரிய வேலையா? பானெட்டைக் கட்டிலிலிருந்து ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான் தூக்கிக்கொண்டு வந்தோம். கனம் தாங்காமல் வழியில் சாமி மேடை மேல் ஒரு தடவை இடித்துவிட்டது. ஆமாம், ஒரு கீறல் இருக்கிறது. மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டார். பானெட் சாம்பல் கலர் பிரைமர், டிக்கி சாம்பல், இடது கதவு சாம்பல், நீ இன்னும் சுரண்டாத வலது கதவு மட்டும் அந்த மூன்றாவது சிவப்பு. மூட்டெல்லாம் நீ பாதி அடைத்து விட்ட சீலர், பல்லில் ஒட்டிய மிட்டாய் மாதிரி. சாவியைத் திருப்பினார், ஒரே திருப்பில் கிளம்பியது. நீ வருஷம் தவறாமல் ரோட் டேக்ஸ் மட்டும் புதுப்பித்து வைத்திருப்பதால் போலீசுக்கும் பயமில்லை.

பிரைமர் நனையக் கூடாது, தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், சீலிங் முடியாமல் ஒரு நாள் வெளியே எடுத்தால்கூட எல்லாம் போச்சு என்று நீ ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாய். ஃபெடரல் ஹைவேயில் பாதி வழிகூடத் தாண்டவில்லை, கொட்டோ கொட்டென்று கொட்டியது. கதவுக்கு ரப்பர் இல்லாததால் தண்ணீர் என் மடியில்தான் விழுந்தது. பக்கத்தில் போன லோரிக்காரன் கண்ணாடியை இறக்கிவிட்டு, “அங்கிள், சூப்பர் கார்லா!” என்று கத்தினான். உன் அப்பா சிரித்தார் பார், நான் அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. ஓய்வு பெற்றதிலிருந்து அவர் இரண்டு கையாலும் எதையாவது பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நனைந்த சேலையோடு, சம்பந்தி வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போகிற வழியில் சிரித்துக்கொண்டே போனோம்.

யமுனா சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தாள். விடுமுறையிலும் பொறுப்பை ஒப்படைக்கப் பள்ளிக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருக்கிறாள் போல, கழுத்தில் இன்னும் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. காரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், உன்னைத் தேடினாள். “அவன் வரலம்மா, நாங்கதான் வந்தோம்” என்றேன். “அத்தே, நனையுதே! அவருக்குத் தெரிஞ்சா...” என்றாள். உன் அப்பா இறங்கிப் போய்க் கதவைத் திறந்துவிட்டு, “ஏறும்மா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்” என்றார். அவள் தயங்கினாள். பிறகு அந்த அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஏறினாள்.

அவர்கள் போனதும் நான் சம்பந்தியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குருவும் மாறவில்லை, சனியும் பிடிக்கவில்லை, என் மகனுக்குப் பெயிண்ட் காயவில்லை, அதுதான் விஷயம் என்றேன். அவர்கள் எனக்கு ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார்கள். “தலையத் தொடைங்க முதல்ல” என்றார்கள். பிறகு, “என் மக ராத்திரில அழுவா. நான் கேக்கல. கேட்டா அவ பொய் சொல்லணுமே” என்றார்கள். உன் அம்மாவாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது கூசியதுபோல் நான் வேறு எங்கும் கூசியதில்லை, தினேஷ். இனி உனக்காக யாரிடமும் ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன். இது மிரட்டல் இல்லை. எனக்குத் தெம்பு இல்லை.

ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸை முழுசாகச் சுற்றியிருக்கிறார்கள், சிக்னலில் நின்ற இடத்திலெல்லாம் ஜனங்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்களாம். மழை விட்டிருந்தது. யமுனா இறங்கினாள். ஒரு தோள் முழுக்க ஈரம், முடியெல்லாம் கலைந்து கிடந்தது. அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது, அதை நான் என் கண்ணால் பார்த்தேன். துண்டை வாங்கித் தன்னைத் துடைத்துக்கொள்ளாமல் முதலில் பானெட்டைத் துடைத்தாள். கதவைத் துடைத்தாள், உள்ளே சீட்டைத் துடைத்தாள். குனிந்து மூட்டுகளைப் பார்த்தாள். சுற்றி வந்து மறுபடியும் பார்த்தாள், எங்கேயாவது எதுவாவது உடைந்திருக்கிறதா, உருகியிருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. கார் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தது. அவள் நிமிர்ந்தபோது சிரிப்பைக் காணவில்லை.

“நனஞ்சிடுச்சு. அவ்ளோதானே அத்தே?” என்றாள். “தொடைச்சா போயிடுச்சு. இதுக்காகவா நாங்க இத்தன நாளா காத்துக்கிட்டு இருந்தோம்?”

அவள் கேட்டது என்னை இல்லை என்று தெரிந்தும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு விமானம். அதற்குள் வந்து அவளிடம் நீ சொல்.

அம்மா